எக்ஸ்டர்னல் மோடம்: பழுது பார்த்த கையோடு ஒரு கருத்து

தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினியை இணையத்தோடு இணைக்கும் மோடம் ஒன்று என்னிடம் நெடுநாளாக இருக்கிறது. கணினிக்கு வெளியே வைக்கும் எக்ஸ்டர்னல் வகை, 56கே, அதாவது நொடிக்கு 56 கிலோபிட் வேகத்துக்கானது. அது அண்மையில் நின்றுபோனது. அடாப்டர் இறந்திருந்தது, பெட்டியைத் திறந்து பார்த்தபோது உள்ளே இரண்டு கெப்பாசிட்டர்களும் உப்பியிருந்தன. அவற்றை மாற்றி, அதே வோல்ட் அளவுள்ள வேறோர் அடாப்டரை இணைத்ததும் விளக்குகள் எரிந்தன. இதை அறிந்த நண்பர் ஒருவர், இத்தகைய மோடம்கள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன, தொலைபேசியில் எண்ணை அழைத்து இணையத்தில் நுழைந்த டயல்-அப் காலத்தை மீண்டும் அனுபவித்துப் பார்க்க ஒன்றை வாங்கலாமா என்று கேட்டார். அவருக்குச் சொல்ல நினைத்ததையே இங்கு எழுதுகிறேன்.

இந்தப் பெட்டியில் எனக்கு இன்றுவரை சலிக்காதது அதன் முகப்பில் வரிசையாக இருக்கும் எட்டு சிவப்பு விளக்குகள். எம்ஆர் எரிந்தால் மோடம் தயார். டிஆர் எரிந்தால் கணினி தயார். ஓஎச் எரிந்தால் தொலைபேசி இணைப்பு எடுக்கப்பட்டுவிட்டது என்று பொருள். சிடி எரிந்தால் மறுமுனையிலுள்ள மோடத்தின் சமிக்ஞை கிடைத்துவிட்டது. எஸ்டி நாம் அனுப்பும்போதும் ஆர்டி நமக்கு வரும்போதும் துடிக்கும். ஒரு பக்கம் திரையில் வராமல் நின்றுவிட்டால், கண்ணை ஒருமுறை கீழே தாழ்த்தினால் போதும். ஆர்டி துடித்துக்கொண்டிருந்தால் பக்கம் வந்துகொண்டிருக்கிறது, பொறுத்திருக்கலாம். எஸ்டி மட்டும் ஒருமுறை மின்னி அடங்கியிருந்தால் மறுமுனையில் பதில் இல்லை. சிடி அணைந்திருந்தால் எல்லாம் முடிந்தது. இணையத்தைப் பற்றி ஒன்றும் அறியாதவர்கூட இந்த விளக்குகளைப் பார்த்தே தகவல் இரு திசைகளில் போய்வருகிறது என்பதைக் கற்றுக்கொள்ள முடிந்தது. இன்றைய ரவுட்டர்களிலும் விளக்குகள் உண்டு. ஆனால் தொய்வு நம் பக்கமா, எதிர்ப்பக்கமா என்ற கேள்விக்கு அவற்றில் எதுவும் இத்தனை வெளிப்படையாக விடை சொல்வதில்லை.

அடுத்தது ஒலி. பலர் அதை இரைச்சல் என்றே நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது ஓர் உரையாடல். எண்களைச் சுழற்றி முடித்ததும் மறுமுனை 2100 ஹெர்ட்ஸில் நீண்ட ஊதல் ஒன்றை எழுப்பும். தொலைபேசி வலையமைப்பில் மனிதர் பேசும்போது எதிரொலியைக் குறைப்பதற்கென இருக்கும் கருவிகளை ஒதுங்கச் சொல்லும் ஒலி அது. பிறகு இரண்டு மோடம்களும் தத்தம் திறன்களைச் சொல்லிக்கொள்ளும். பல அதிர்வெண்களில் ஒலியை அனுப்பி, கம்பி எதை நன்றாகக் கடத்துகிறது, எதை விழுங்குகிறது என்று அளந்துகொள்ளும். கடைசியாக வரும் ‘ஷ்ஷ்’ என்ற சீறலில், அந்தக் கம்பிக்கேற்பத் தங்களைச் சரிசெய்துகொள்ள ஒன்றுக்கொன்று பயிற்சி கொடுத்துக்கொள்ளும். இணைப்பு உறுதியானதும் ஸ்பீக்கர் சட்டென்று அடங்கிவிடும். நாள்தோறும் கேட்டுப் பழகிய காதுக்கு, அந்தச் சீறல் இடையில் அறுந்து மீண்டும் தொடங்கினாலே இன்று வேகம் குறைவாகத்தான் கிடைக்கும் என்று தெரிந்துவிடும். இரவில் வீட்டார் உறக்கம் கெடாமலிருக்க ஏடிஎம்0 என்று தட்டச்சு செய்து ஸ்பீக்கரை மூடலாம்.

ஏடி என்ற எழுத்துகளில் தொடங்கும் இந்த ஏடி கட்டளைகள் 1981-இல் ஹேய்ஸ் நிறுவனத்தின் ஸ்மார்ட்மோடத்தோடு பரவியவை. ஏடிடிடி என்று எழுதி எண்ணைச் சேர்த்தால் மோடம் டயல் செய்யும். ஏடிஎச் என்றால் இணைப்பைத் துண்டிக்கும். இணைப்பில் இருக்கும்போதே மோடத்துடன் பேச வேண்டுமானால், ஒரு நொடி அமைதியாக இருந்து, மூன்று கூட்டல் குறிகளைத் தட்டி, மேலும் ஒரு நொடி காத்திருக்க வேண்டும். தகவலுக்கும் கட்டளைக்கும் ஒரே கம்பிதான் வழி என்ற நெருக்கடியில், அமைதியையே அடையாளமாக்கிய அந்த ஏற்பாட்டை எத்தனை முறை பயன்படுத்தினாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை. கைப்பேசி இணைப்புக்கான மாட்யூல்கள் இன்றும் ஏடி கட்டளைகளுக்குப் பதில் சொல்கின்றன.

கணினிக்குள் செருகும் இன்டெர்னல் மோடம்கள் விலை குறைந்தவை என்றாலும் தலைவலி மிகுந்தவை. காம் 1, காம் 3 என்ற இரண்டு சீரியல் போர்ட்டுகளும், பிராசஸரின் கவனத்தை அழைக்கும் ஐஆர்க்யூ 4 என்ற ஒரே இணைப்பைப் பகிர்ந்துகொள்ளும் அமைப்பு இருந்ததால், காம் 1-இல் மவுசும் காம் 3-இல் மோடமும் இருந்தால் இணையம் கிடைத்த நொடியில் மவுஸ் உறைந்துபோவது வாடிக்கை. பின்னர் வந்த வின்மோடம்கள் தங்கள் வேலையின் பெரும்பகுதியைக் கணினியின் பிராசஸர் தலையில் கட்டிவிட்டு, அதற்குரிய டிரைவர் இல்லாவிட்டால் வெறும் அட்டையாகக் கிடந்தன. எக்ஸ்டர்னல் மோடத்துக்குத் தேவை ஒரு சீரியல் போர்ட் மட்டுமே. யூஎஸ்பி-சீரியல் கேபிள் வழியாக இன்றைய கணினியிலும் என்னுடையது வேலை செய்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, என் பொறுமையைச் சோதித்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அதே இணைப்பில் இன்னோர் அறையிலிருந்த தொலைபேசியை யாராவது எடுத்தால் போதும், எல்லாம் அறுந்துவிடும். புதிதாக ஒரு கருவி சேர்ந்ததும் கம்பியின் மின்தன்மை மாறும். அதுவரை எடுத்த பயிற்சி பயனற்றுப் போகும். ரிசீவரில் பேசுபவரின் குரலும் உள்ளே கலக்கும். மோடம் மீண்டும் பயிற்சி எடுக்க முயலும், ஓரிரு நொடிகள் தவிக்கும், பிறகு சிடி அணையும், ஓஎச் அணையும், திரையில் ‘நோ கேரியர்’ என்று வரும். நொடிக்கு ஏறத்தாழ 5 கிலோபைட் வந்த நாள்களில் 4 மெகாபைட் பாடல் ஒன்றை இறக்க கால் மணி நேரம் ஆகும். பெரிய நிரல் என்றால் இரவு முழுவதும் ஆகும். அது முடியும் தறுவாயில் அறுந்து, மறுமுனையில் இருக்கும் சர்வர் விட்ட இடத்திலிருந்து தொடர அனுமதிக்காவிட்டால், முதலிலிருந்து தொடங்க வேண்டும். தொலைபேசியில் அழைத்து நுழையும் கணினித் தகவல் பலகைகளான பிபிஎஸ்களின் உலகில் 1986-லேயே இசட்மோடம் என்ற கோப்புப் பரிமாற்ற முறை விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியைத் தந்திருந்தும், பல ஆண்டுகளுக்குப் பிறகு வலைத்தளங்களில் அந்த அருமை புரியாமல் இருந்ததை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

நியாயமாகப் பார்த்தால் குற்றம் மோடத்தின் மீது இல்லை. 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையான மனிதக் குரலுக்காக அமைக்கப்பட்ட வழி அது. தொலைபேசி வலையமைப்பு குரலை நொடிக்கு 8000 முறை அளக்கிறது. ஒவ்வோர் அளவிலும் 7 பிட்டுகளை நம்பிப் பயன்படுத்தலாம் என்ற கணக்கில்தான் 56 என்ற எண்ணே வந்தது. அந்த அளவுக்குக் கம்பியைப் பிழிந்தெடுத்த பொறியியலைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கால் வெயிட்டிங் ஒலி குறுக்கிட்டாலும் இணைப்பு அறும். மோடத்தின் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்டர்களில் எஸ்10 என்பதன் மதிப்பைக் கூட்டினால், சமிக்ஞை மறைந்த பிறகும் மோடம் சற்று நேரம் காத்திருக்கும் என்பதால் அதை ஓரளவு சமாளித்தேன். 56கே மோடம்களுக்கென 1998-இல் வந்த வி.90 தரத்தைச் சேர்ந்தது என் மோடம். அழைப்பு வரும்போது இணைப்பை அறுக்காமல் நிறுத்திவைக்கும் வசதி 2000-இல் வி.92 தரத்தோடுதான் வந்தது. என் பெட்டிக்கு அது கிட்டவில்லை.

வாங்க நினைப்பவர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். இத்தகைய இரண்டு மோடம்களை ஒன்றோடொன்று பேசவைத்தால் 56 கிடைக்காது, உச்சம் 33.6 கிலோபிட் மட்டுமே. மறுமுனை நேரடியாக டிஜிட்டல் வலையமைப்பில் இருந்தால்தான் 56-ஐ நெருங்க முடியும். அலுவலகங்களில் உள்ளழைப்புகளை இணைக்கும் பிபிஎக்ஸ் என்ற சிறிய தொலைபேசி இணைப்பகம் ஒன்றை நடுவில் வைத்து என் இரு மோடம்களை இணைத்தபோது நானும் அந்த வரம்புக்குள்தான் நின்றேன். இணையவழிக் குரல் இணைப்பில் நிலைமை இன்னும் மோசம்: குரலைச் சுருக்கி, துண்டுகளாக்கி அனுப்பும் வழியில் மோடத்தின் நுண்ணிய சமிக்ஞை சிதைந்துவிடுகிறது.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். ஏடி கட்டளைகளைப் புரிந்துகொண்டு வைஃபை வழியாகப் பழைய பிபிஎஸ்களுக்குக் கொண்டுசெல்லும் சிறிய பலகைகள் வந்துவிட்டன. பழைய கணினியில் இணைத்து மகிழ அவை போதும், யார் தொலைபேசியை எடுத்தாலும் அறுவதில்லை. அந்த எட்டு விளக்குகளையும் ஊதலையும் இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது முரணாகத் தெரியலாம். ஆனால் முக்கால் பங்கு இறங்கி அறுந்துபோன கோப்புகளை நினைக்கும்போது, இன்னொருவரை அந்த வழியில் அனுப்ப எனக்கு மனமில்லை. என் பெட்டியை விற்கும் எண்ணமும் இல்லை. இதையும் மீறி வாங்குவதானால் அடாப்டரோடு சேர்த்து வாங்குங்கள்: இந்த வகை மோடம்களில் பல ஏசி மின்சாரத்தையே வெளியே தரும் அடாப்டரை எதிர்பார்ப்பவை, கையில் கிடைக்கும் டிசி அடாப்டரைச் செருகினால் விளக்குகூட எரியாமல் போகலாம்.