பாளையங்கோட்டையில் முதுகுக்குச் சொடக்கு எடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

ரீல்ஸில் ‘சடக், சடக்’ என்று முதுகை முறிப்பதைப் பார்த்துவிட்டு கைரோபிராக்டிக் (முதுகெலும்பைக் கையாலேயே அழுத்தி, திருகிச் செய்யும் சிகிச்சை) சென்டருக்குக் கிளம்புகிறவர்கள் இதையும் படித்துவிட்டுப் போங்கள். இடத்தின் பெயரை இப்போதைக்குப் போடவில்லை. காரணம் கடைசியில்.

எங்க அம்மாவுக்கு முக்கூடல். மடியில் சொளவை வைத்துக் குனிந்து குனிந்தே பீடி சுற்றின உடம்பு. அறுபதைத் தாண்டியாச்சு, இடுப்புவலி விடவில்லை. கூட்டிக்கொண்டு போனோம். ஏசி, வெள்ளைக் கோட்டு, மேஜைமேல் பிளாஸ்டிக் முதுகெலும்பு. அங்கிருந்தவர் எக்ஸ்ரேயில் பேனாவால் ஒரு கோடு போட்டு, “பாத்தியளா, எலும்பு வெலகியிருக்கு. இருவது சிட்டிங்ல உக்கார வச்சிருவோம்” என்றார். 18,000 ரூபாய், மொத்தத்தையும் முதலிலேயே கட்டணும்.

கட்டினதும் படுக்கப் போட்டார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறாள், கால் மரத்துப்போகிறதா, முன்னே எங்கேயும் விழுந்தாளா, ஒரு கேள்வி கிடையாது. ஆனால் வீடியோ எடுக்கப் போனை ஸ்டாண்டில் மாட்ட மறக்கவில்லை. இடுப்பைத் திருகி முடித்த கையோடு, வலியே இல்லாத கழுத்தையும் தாடையைப் பிடித்துச் சட்டென்று ஒரு வெட்டு. “எய்யா!” என்று அம்மா கத்தினாள். அவர் சிரித்துக்கொண்டே, “சத்தம் வந்துட்டுல்லா, எலும்பு உக்காந்துட்டு” என்றார்.

எலும்பும் உட்காரவில்லை, ஒன்றும் உட்காரவில்லை. விரலில் சொடக்கு எடுத்தால் வருமே, அதே சத்தம்தான். மூட்டுத் திரவத்துக்குள் அழுத்தம் குறைந்து வாயுக்குமிழி உண்டாவதால் வருவது. எலும்பு விலகலே எல்லா நோய்க்கும் மூலம் என்பது 1895-இல் அமெரிக்காவில் பால்மர் என்பவர் கிளப்பிவிட்ட கதை. அதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை என்று பிரிட்டனின் கைரோபிராக்டிக் கவுன்சிலே 2010-இல் சொல்லிவிட்டது.

முறையே மோசம் என்று சொல்ல வரவில்லை. சாதாரண இடுப்புவலிக்கு, பயிற்சி பெற்றவர் பரிசோதித்துவிட்டுச் செய்தால் ஓரளவு கேட்கும். 2017-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதலில்கூட மாத்திரை இல்லாத வழிகளில் ஒன்றாக இது இருக்கிறது. உடற்பயிற்சியிலும் கிட்டத்தட்ட அதே பலன்தான். எலும்பு மெலிந்தவர்களுக்கு இப்படி முறுக்கினால் எலும்பே முறியலாம். கழுத்தை வெட்டித் திருப்பும்போது அபூர்வமாக ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்திருக்கிறது.

அன்றைக்கு ராத்திரியே அம்மாவுக்கு இடது கால் பூராவும் எரிச்சல். விடிந்ததும் ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அந்த டாக்டர் தொடுவதற்கு முன்னால் கேட்டதே, “ஒண்ணுக்கு, ரெண்டுக்குப் போறதுல சிரமம் இருக்காம்மா? தொடையிடுக்கு மரத்திருக்கா? கால் வலுக் குறைஞ்ச மாதிரி இருக்கா?” இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிதானாம், தாமதித்தால் நரம்பு போய்விடுமாம். நல்லவேளை அம்மாவுக்கு அது இல்லை. எலும்பு மெலிந்திருக்கிறது, நரம்பு அழுந்தியிருக்கிறது என்றார். இப்போது அங்கேயே பிசியோதெரபி, காசு வாங்கவில்லை.

மீதிப் பணத்தைக் கேட்டால், “ரீஃபண்ட் கெடையாது, வீட்ல வேற யாருக்காவது மாத்திக்கிடுங்க” என்கிறார்கள். யார் கழுத்தை அனுப்ப?

ரசீதை நிதானமாகப் பார்த்தேன். ‘வெல்னஸ் பேக்கேஜ்’ என்றுதான் இருக்கிறது. சிகிச்சை என்ற சொல்லும் இல்லை, செய்தவரின் பதிவு எண்ணும் இல்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு தயாராகிறது, பெயரை வெளியிடாததும் அதனால்தான். இப்படி மொத்தமாகக் கட்டி மாட்டிக்கொண்டவர்கள் ரசீதையும், சென்டர்காரர்கள் எடுத்த வீடியோ கிடைத்தால் அதையும் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்கு உள்பெட்டியில் சொல்லுங்கள்.