மலை ரயிலில் வருகிறீர்களா? முதல் ராத்திரி குன்னூரில் தங்குங்கள்

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குக் கிளம்பும் நீலகிரி மலை ரயில் ஊட்டி போய்ச் சேர மதியம் ஆகிவிடும். 46 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். ஊர் போய்ச் சேர்ந்தால் போதும் என்பவர்களுக்கு பஸ்தான் சரி. பாதி நேரத்தில் முடிந்துவிடும்.

ரயிலுக்கு மதிப்பு கல்லாறு முதல் குன்னூர் வரைதான். தண்டவாளங்களுக்கு நடுவே இரட்டைப் பற்சட்டம், அதாவது பல் வெட்டிய இரும்புச் சட்டம், ஓடுவது அங்கே மட்டும். 12.28 அடிக்கு ஓரடி ஏறும் சரிவில் வெறும் சக்கரம் வழுக்கும். எஞ்சினின் பற்சக்கரம் சட்டத்தைக் கவ்வித்தான் ஏறுகிறது. இரு சட்டங்களின் பற்களும் நேருக்கு நேர் இல்லாமல் தள்ளித்தள்ளி இருப்பதால், எந்த நேரமும் ஒரு பல்லாவது பிடியில் இருக்கும். எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுவதால் முன்பெட்டிக்காரர்களுக்குப் புகையும் மறைப்பும் குறைவு. குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றி டீசலை மாட்டிவிடுவார்கள். பற்சட்டமும் அதோடு முடிந்தது. 1899இல் பாதை திறந்ததும் குன்னூர் வரைதான். ஊட்டிக்கு நீண்டது 1908இல்.

குறைகளும் உண்டு. இருக்கைகள் நெருக்கம், எதிரே இருப்பவர் முழங்கால் இடிக்கும். பெட்டியில் கழிப்பறை இல்லை, ஸ்டேஷனில் நிற்கும்போதே போய்வர வேண்டும். வழியில் ஹில்குரோவ் ஸ்டேஷனில் குரங்குகள் தின்பண்டத்தைப் பறிக்கும். முன்பதிவு 60 நாள் முன்னால் திறந்தவுடனே சீசன் நாட்களுக்கான டிக்கெட் தீர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்தால் மேட்டுப்பாளையம்–குன்னூர் ஓட்டம் ரத்து. அந்த மாதங்களில் ரயிலை நம்பி மட்டும் அறை போடாதீர்கள்.

குன்னூரில் இறங்கும்போது பத்தரை மணி இருக்கும். பல லாட்ஜ்களில் அறை மதியம்தான் கிடைக்கும், பையை வைத்துக்கொள்வார்களா என்று முதலிலேயே கேளுங்கள். ஸ்டேஷனும் பஸ் ஸ்டாண்டும் கீழ்க்குன்னூரில். அங்கே விடிகாலையிலேயே ஹாரன் தொடங்கிவிடும். சிம்ஸ் பார்க், பெட்ஃபோர்டு பக்கம் அமைதி, ஆனால் நல்ல ஏற்றம். பெரியவர்கள் இருந்தால் ரோட்டிலிருந்து அறைக்கு எத்தனை படி, கீசர் எந்த நேரம் ஓடும், இவை இரண்டும் முக்கியம். மார்கழிக் குளிரில் காலை ஆறு மணிக்கு வெந்நீர் வராத அறைக்கு ஜன்னல் காட்சி எவ்வளவு இருந்தும் என்ன! ஆட்டோவில் ஏறும் முன் கூலி பேசிவிடுங்கள்.

மறுநாள் ஊட்டிக்கு பஸ் அடிக்கடி உண்டு. கேத்தி, லவ்டேல் வழியாகப் போகும் பாசஞ்சர் ரயிலும் நன்றாகவே இருக்கும். ஊட்டியில்தான் தங்குவேன் என்றால், பஸ், ரயிலுக்கு ஸ்டேஷன் பக்கமும், கடைவீதிக்கும் தாவரவியல் பூங்காவுக்கும் சேரிங்கிராஸ் பக்கமும் வசதி. மே மாதத்தில் சேரிங்கிராஸில் கார் நகராது. சொந்தக் காரில் ஏறுபவர்களுக்கு 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம். அரசு பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் அந்தத் தொல்லை இல்லை.

திரும்பும் ரயில் ஊட்டியில் மதியம் 2 மணிக்கு. மேட்டுப்பாளையத்தில் ஐந்தரைக்கு மேல் விடும், சென்னை போகும் நீலகிரி எக்ஸ்பிரஸோ இரவு ஒன்பதுக்கு மேல்தான். அங்கே காத்திருப்பதைவிட கோவைக்குப் பஸ் ஏறிவிடலாம்.