உயிலா, செட்டில்மெண்டா? வீட்டைப் பிள்ளை பேரில் எழுதும் முன்

"உயில் எழுதிட்டு வந்துட்டேம்ப்பா" என்று பெரியம்மா நகலை நீட்டினார். வாங்கிப் பார்த்தால் அது தான செட்டில்மெண்ட் பத்திரம். "தானாதி விநியோக விற்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியத்துடன் இன்று முதல் ஆண்டு அனுபவித்துக்கொள்ளவும்" என்ற வரியை வாசித்துக் காட்டினேன். "தானம் கொடுக்கலாம், விற்கலாம், அடமானம் வைக்கலாம். வீடு இன்றிலிருந்து அண்ணனுடையது என்று அர்த்தம் பெரியம்மா" என்றதும் அவர் முகம் வாடிவிட்டது.

உயில், எழுதியவர் கண்மூடிய பிறகுதான் பேசத் தொடங்கும். அதுவரை வீடு அவருடையதே. மனம் மாறினால் எத்தனை முறையும் மாற்றி எழுதலாம். பதிவு செய்த உயிலையும் ரத்து செய்யலாம். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் கேட்பது இரண்டு சாட்சிகளின் கையெழுத்தை. உயிலின் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. தகராறு வரும்போது எழுதியவர் இருக்கமாட்டார். சாட்சிகளில் ஒருவராவது கோர்ட்டுக்கு வந்து சொல்ல வேண்டும். அதனால் உங்களைவிட வயதில் இளையவர்களைச் சாட்சியாகப் போடுங்கள், பதிவும் செய்துவிடுங்கள்.

செட்டில்மெண்ட் பதிவான அன்றே சொத்து கைமாறிவிடும். பட்டாவையும் மாற்றிக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. கிரயம் என்றால் 7 சதவீதமும் 2 சதவீதமும். பிள்ளைகள் செட்டில்மெண்டை விரும்ப இதுவும் ஒரு காரணம். கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் மகளுக்கு, பின்னால் மற்றவர்கள் சண்டைக்கு வராதபடி கொடுத்துவிட வேண்டும் என்றால் செட்டில்மெண்ட்தான் சரி. ஆனால் கொடுத்தவர் நினைத்தபோது தானாகப் போய் ரத்து செய்துவிட முடியாது. இருப்பது ஒரே வீடு என்றால் நான் உயில் பக்கம்தான்.

செட்டில்மெண்டேதான் என்று முடிவானால் இரண்டு வரிகளை விடாதீர்கள். ஒன்று, ஆயுட்கால அனுபவ உரிமை: பேர் பிள்ளைக்கு மாறினாலும் குடியிருப்பதும் வாடகை வாங்குவதும் உயிருள்ளவரை உங்களுக்கு. இன்னொன்று, "என்னைப் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனை. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, 60 வயதானவர்கள் இந்த நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பிள்ளை கைவிட்டால் திரும்பப் பெற வழிசெய்கிறது. மனுவைக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் கொடுக்கலாம்.

நிபந்தனை இருந்தாக வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவரின் வழக்கில், இந்தச் சட்டத்தைத் தாராளமாகவே வாசிக்க வேண்டும் என்றது. தானப் பத்திரம் எழுதிய அன்றே மகன் "கடைசிவரை பார்த்துக்கொள்வேன்" என்று தனியே ஓர் உறுதிக் கடிதமும் எழுதியிருந்ததாக அந்தத் தாய் காட்டினார். தானம் ரத்தாகி வீடு அவருக்கே திரும்பியது.

பெரியம்மாவின் பத்திரத்தில் அந்த இரண்டு வரிகளும் இல்லை. அண்ணனிடம் பேசினேன். பராமரிப்பையும் குடியிருப்பு உரிமையையும் தனியே எழுதிப் பதிவு செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் மூன்று பேரும் வக்கீலைப் பார்க்கப் போகிறோம்.