பிரிக்ஃபீல்ட்ஸில் ஞானம் படிக்க எட்டு சனிக்கிழமைகள்

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில், ஜாலான் துன் சம்பந்தன் சாலைப் பக்கத்துக் கடைவரிசை ஒன்றின் முதல் மாடியில், சனிக்கிழமைதோறும் மாலை 4 மணியிலிருந்து 6 மணிவரை நடக்கும் தமிழ் வகுப்பு இது. எட்டு வாரம், 240 வெள்ளி (ரிங்கிட்). மாணவர்களுக்குப் பாதிக் கட்டணம். ஒரு தொகுதியில் 20 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. ஞானம் என்றால் என்ன, அதைப் படித்துப் பெற முடியுமா என்ற கேள்வியை உளவியல், மெய்யியல், சமயம் என்ற மூன்று வாசல் வழியாகவும் கேட்கிறார்கள். தமிழில் இப்படி ஒன்றைத் துணிந்து தொடங்கியதே பாராட்டுக்குரியது. அதனால்தான் இதன் குறைகளையும் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

முதல் குறை சொல்லில் இருக்கிறது. வகுப்பு முழுக்க 'ஞானம்' என்ற ஒரே சொல்லை வைத்து ஓட்டுகிறார்கள். சைவம் படித்தவருக்கு ஞானம் என்றால் சரியை, கிரியை, யோகம் கடந்த நான்காம் படி, வீடுபேற்றுக்குரிய அறிவு. அண்ணன் தம்பி சொத்துத் தகராறை நயமாகத் தீர்த்து வைப்பவரை யாரும் ஞானி என்று சொல்வதில்லை. விவரமானவர், நிதானமானவர் என்போம். உளவியலாளர்கள் அளப்பதோ பெரும்பாலும் இந்த இரண்டாமவரைத்தான். அரிஸ்டாட்டில் தம் ஒழுக்கவியல் நூலின் ஆறாம் புத்தகத்தில் இதைத் தெளிவாகப் பிரித்துவிட்டார்: மாறாத உண்மைகளைக் காண்பது சோஃபியா, மாறிக்கொண்டே இருக்கும் வாழ்க்கையில் செய்யத்தக்கதைத் தேர்வது ஃப்ரோனேசிஸ். நமக்கும் இந்தப் பிரிவு புதிதல்ல. திருக்குறளில் மெய்யுணர்தல் 36ஆம் அதிகாரம், துறவறவியலில் நிற்கிறது. அறிவுடைமை 43ஆம் அதிகாரம், ஆட்சியையும் உலக நடப்பையும் பேசும் பொருட்பாலில் நிற்கிறது. 'மெய்ப்பொருள் காண்ப தறிவு' என்ற ஒரே முடிப்பு 355ஆம் குறளிலும் 423ஆம் குறளிலும் வருகிறது. முன்னது பொருளின் தன்மை எதுவாகத் தோன்றினாலும் உள்ளே பார் என்கிறது. பின்னது சொல்பவர் யாராக இருந்தாலும் சொன்னதைச் சோதித்துப் பார் என்கிறது. இந்த இரண்டு குறளையும் முதல் நாளே பலகையில் எழுதிப் போட்டிருந்தால், பின்னால் வரும் குழப்பத்தில் பாதி எழுந்தே இருக்காது.

இரண்டாம் வாரம் கேள்வித்தாள். சமூகவியலாளர் மோனிகா ஆர்டெல்ட் 2003இல் வெளியிட்ட முப்பரிமாண ஞான அளவைத் தமிழாக்கித் தருகிறார்கள். அறிதல், தன்னைத் திரும்பிப் பார்த்தல், பிறர்மேல் பரிவு என்ற மூன்று கூறுகளுக்குமாக 39 கூற்றுகள். மொழிபெயர்ப்பில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கூற்றுகளில் பல எதிர்மறையாக அமைந்தவை. அவற்றுக்கு ஒத்துக்கொள்கிறேன் என்று பதில் சொன்னால் மதிப்பெண் குறைய வேண்டும். தமிழில் 'எனக்குப் பிடிப்பதில்லை' என்ற கூற்றுக்கு 'ஒத்துக்கொள்ளவில்லை' என்று பதில் எழுதும்போது, இரட்டை எதிர்மறையில் தடுமாறித் தவறான கட்டத்தில் குறி போடுகிறார்கள். கூற்றை உடன்பாடாக மாற்றினால் அளவின் தன்மையே மாறிவிடும். அதனால் 'இது என் இயல்புக்கு மிகவும் பொருந்தும்' முதல் 'கொஞ்சமும் பொருந்தாது' வரை என்று விடைக்கட்டங்களின் சொற்களை மாற்றுவதே வழி. கூட்டும்போது திருப்பிக் கணக்கிட வேண்டிய கூற்றுகளுக்கு, வகுப்பில் தரும் பாட ஏட்டில் நட்சத்திரக் குறியும் இல்லை. கையால் கூட்டியவர்களின் மொத்தம் ஆளுக்கொரு விதமாக வருவதற்கு இதுவே காரணம்.

அதைவிடப் பெரிய சிக்கல், வந்த எண்ணைச் சான்றிதழ்போல வாசித்துக் காட்டுவது. தன்னைப் பற்றித் தானே நிரப்பும் தாள் இது. உண்மையிலேயே நிதானமானவர் தம் குறையை அறிந்தவர், ஆகவே குறைத்துப் போடுவார். தம்மை மெச்சுபவர் ஏற்றிப் போடுவார். புல்லறிவாண்மை அதிகாரத்தில் 844ஆம் குறள் இதைத்தான் சொல்கிறது: 'வெண்மை எனப்படுவ தியாதெனின் ஒண்மை உடையம்யாம் என்னும் செருக்கு.' ஆய்வாளர்கள் இத்தகைய அளவைப் பெருந்தொகையான மனிதர்களை ஒப்பிடப் பயன்படுத்துகிறார்கள். ஒரு தனிமனிதரின் நெற்றியில் ஒட்டுவதற்கு அது உதவாது. இந்த வாரத்தின் எண்களைத் தாளிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

மூன்றாம் வாரம்தான் இந்த வகுப்பின் உயிர். 240 வெள்ளியும் இதற்கே தகும்.

பெர்லினில் மாக்ஸ் பிளாங்க் மனித வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தில் உளவியலாளர் பவுல் பால்டெஸும் அவருடைய குழுவும் 1980களில் தொடங்கிய முறை இது. ஞானத்தை ஒருவரின் சுபாவமாகப் பார்க்காமல், வாழ்க்கையை நடத்துவதில் உள்ள தேர்ச்சியாகப் பார்த்தார்கள், சதுரங்கத்தில் ஒருவருக்குத் தேர்ச்சி இருப்பதுபோல. ஒரு சிக்கலைச் சொல்லி, மனத்தில் ஓடுவதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொல்வார்கள். அதைப் பதிந்து, எழுத்தாக்கி, பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர்கள் 1 முதல் 7 வரை மதிப்பெண் இடுவார்கள். அளவுகோல் ஐந்து: வாழ்க்கையைப் பற்றிய செய்தியறிவு; எப்படி அணுகுவது, எப்போது பேசுவது என்ற செய்முறை அறிவு; வயது, குடும்பம், காலம் என்ற சூழலோடு பொருத்திப் பார்ப்பது; மற்றவர் போற்றும் மதிப்புகள் நம்முடையவற்றிலிருந்து வேறுபடலாம் என்பதை ஏற்பது; நாளை எப்படி இருக்கும் என்பது தெரியாது என்று அறிந்து அதற்கேற்ப நடப்பது. 5 மதிப்பெண்ணைத் தாண்டும் பதில்கள் மிக அரிது.

வகுப்பில் தருவது பெர்லினின் பழைய சிக்கலையே: 15 வயதுப் பெண் உடனே கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்கிறாள், எதையெல்லாம் எண்ணிப் பார்க்க வேண்டும், என்ன செய்ய வேண்டும்? 'கூடவே கூடாது, படிக்கிற வயது' என்று ஒரே வரியில் முடிப்பவர்களுக்கு மதிப்பெண் கீழேதான் விழும். முடிவு தவறு என்பதால் அன்று. அந்தப் பெண் ஏன் அப்படிக் கேட்கிறாள், வீட்டில் என்ன நடக்கிறது, அவளுக்குத் தீராத நோய் ஏதும் உண்டா, பெற்றோர் இருக்கிறார்களா என்று ஒன்றையும் கேட்காததால். இங்கே ஒன்றைச் சேர்த்தாக வேண்டும். இந்தச் சிக்கலைக் கோலாலம்பூரில் கேட்டால், மலேசியச் சட்டம் முதல் அளவுகோலுக்குள் வந்துவிடுகிறது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமண வயது 18. பெண்ணுக்கு 16 நிறைந்திருந்தால் அரசின் தனி அனுமதி வேண்டும். 15 வயதில் அந்த வழியும் இல்லை. ஏட்டில் இது பற்றி ஒரு வரிகூட இல்லை. சட்டம் தெரிந்தவர் பேச்சை வேறு இடத்திலிருந்து தொடங்குவார்: கல்யாணம் நடக்காது, சரி, இந்தப் பிள்ளையை இப்போது யார் உட்காரவைத்துப் பேசுவது?

நான்காம் அளவுகோலில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். பிறர் மதிப்பை ஏற்பது என்றதும் 'அவரவர் விருப்பம்' என்று கைகழுவிவிடுகிறார்கள். பால்டெஸ் குழு சொன்னது அதுவன்று. தன்னுடைய நலத்தோடு பிறர் நலத்தையும் நாடும் சில பொது மதிப்புகளை விட்டுக்கொடுக்காமல், மற்றவற்றில் வேறுபாட்டைப் பொறுப்பது. பயிற்றுநர் இதை அழுத்திச் சொல்வதில்லை.

மதிப்பெண் இடும் முறையிலும் ஒரு திருத்தம் தேவை. வகுப்பில் ஒருவரே ஐந்து அளவுகோலுக்கும் மதிப்பெண் போடுகிறார். அழகாகப் பேசுபவருக்கு ஐந்திலும் 6, திக்கிப் பேசுபவருக்கு ஐந்திலும் 2 என்று ஆகிவிடுகிறது. பெர்லின் முறையில் ஒரு மதிப்பீட்டாளருக்கு ஒரே அளவுகோல்தான். எழுத்தாக்கிய பதிலைத்தான் படிப்பார், பேசியவர் யார் என்று அவருக்குத் தெரியாது. 20 பேர் இருக்கும் வகுப்பில் இதைச் செய்வது கடினமல்ல. ஐந்து பேரை அமர்த்தி, ஆளுக்கொரு அளவுகோல் கொடுத்து, பெயரில்லாத் தாள்களைச் சுற்றுக்கு விட்டால் போதும்.

அதே வாரத்தில் வரும் இணைப் பயிற்சி: இருவர் 10 நிமிடம் சிக்கலைப் பற்றிப் பேசி, உடனே தனித்தனியாகப் பதில் எழுதுகிறார்கள். உர்சுலா ஸ்டாடிங்கரும் பால்டெஸும் 1996இல் வெளியிட்ட ஆய்வில் பதில்களை உயர்த்தியது பேச்சு மட்டும் அன்று. நெருங்கியவரோடு பேசிவிட்டு, பிறகு தனியாக எண்ணிப் பார்க்க நேரம் கிடைத்தவர்களே நன்றாகச் செய்தார்கள். தமக்குத் தெரிந்தவர் ஒருவர் இதற்கு என்ன சொல்வார் என்று மனத்துக்குள் உரையாடியவர்களும் அப்படியே. ஆகவே பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவே 5 நிமிட மௌனம் வேண்டும். அது இல்லாததால், வலுவாகப் பேசியவரின் கருத்தே இரண்டு தாளிலும் வந்து சேர்கிறது.

நான்காம் வாரம் கிரேக்கமும் கன்பூசியஸும். சாக்ரடீஸ் அரசியல்வாதி, கவிஞர், கைவினைஞர் என்று ஒவ்வொருவரிடமாகப் போய்க் கேட்ட கதையைச் சுவையாகச் சொல்கிறார்கள். அதோடு 'வயதானால் ஞானம் தானே வரும்' என்று ஏடு சொல்வது தவறு. இளைஞர் கணிதத்தில் தேரலாம், ஃப்ரோனேசிஸில் தேர முடியாது, அதற்கு அனுபவம் வேண்டும் என்றார் அரிஸ்டாட்டில். ஆனால் பெர்லின் ஆய்வுகளில் இருபதுகளிலிருந்து எழுபதுகள்வரை வயதோடு மதிப்பெண் ஏறவில்லை. ஆண்டுகள் வேண்டும், ஆண்டுகள் மட்டும் போதா.

ஐந்தாம் வாரம் விவிலியத்தின் சாலமன். மற்றவர் வழக்கை அருமையாகத் தீர்த்து, தம் வீட்டைக் கோட்டைவிட்ட அரசர். அவர் பெயரால் அழைக்கப்படும் முரணை உளவியலாளர்கள் இகோர் கிராஸ்மனும் ஈதன் கிராஸும் 2014இல் சோதித்தார்கள். துணை ஏமாற்றிவிட்டார் என்ற நிலைமையைத் தனக்கு நடந்ததாக எண்ணியவர்களைவிட, நண்பருக்கு நடந்ததாக எண்ணியவர்கள் நிதானமாகச் சிந்தித்தார்கள். தன் சிக்கலையே விலகி நின்று பார்க்கச் சொன்னபோது அந்த வித்தியாசம் மறைந்தது. நமக்கு இது 190ஆம் குறள்: 'ஏதிலார் குற்றம்போல் தங்குற்றங் காண்கிற்பின் தீதுண்டோ மன்னும் உயிர்க்கு.' புறங்கூறாமை அதிகாரத்தில் இருப்பதால் இதை யாரும் சிந்தனைப் பயிற்சியாக எடுத்துக்கொள்வதில்லை. பயிற்றுநர் இரண்டையும் ஒரே தாளில் வைத்தது இந்த வகுப்பின் மிகச் சிறந்த கணம்.

அதற்கான வீட்டுப்பாடம் நாட்குறிப்பு. தினமும் ஒரு நிகழ்வு, 10 நிமிடம், தன்னைப் படர்க்கையில் எழுத வேண்டும். கிராஸ்மன் குழு 2021இல் வெளியிட்ட ஆய்வில் நான்கு வாரம் இப்படி எழுதியவர்களிடம் மாற்றம் தெரிந்தது. தமிழில் எழுதும்போது இரண்டு இடம் சறுக்கும். ஒன்று வினைமுற்று. பெயரைப் போட்டுத் தொடங்குவார்கள், மூன்றாம் வரியில் 'கோபம் வந்து கத்திவிட்டேன்' என்று விகுதி திரும்பிவிடும். எழுதி முடித்ததும் '-ஏன்' எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று கோடிட்டுப் பார்க்க வேண்டும். அது வந்த இடமே இன்னும் சூடு ஆறாத இடம். மற்றொன்று மரியாதை. 'அவன் செய்தான்' என்று எழுதினால் தன்னைத் திட்டும் தொனி ஏறுகிறது, 'அவர் செய்தார்' என்றால் நியாயப்படுத்தும் தொனி. சொந்தப் பெயரோடு, நெருங்கிய நண்பரைப் பற்றிப் பேசும்போது எந்த விகுதி இயல்பாக வருமோ அதை வைத்துக்கொள்வது நல்லது.

ஆறாம், ஏழாம் வாரம் சமயம். இரண்டு வாரத்துக்குள் விவிலியத்தின் நீதிமொழிகள், யோபு, ஞானத்துக்கு இஸ்லாம் சொல்லும் ஹிக்மத், பௌத்தம் சொல்லும் பஞ்ஞா, வேதாந்தம், சித்தாந்தம் எல்லாம். எதுவும் ஒட்டுவதில்லை. கேட்டுப் பெறுவது, எண்ணிப் பெறுவது, பயின்று பெறுவது என்ற பௌத்தத்தின் மூன்று படியையும், வேதாந்தத்தின் சிரவணம், மனனம், நிதித்தியாசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார்கள், நல்லது. ஆனால் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் சொல்லும் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என்ற நான்கு படியைத் தமிழ் வகுப்பிலேயே விட்டுவிட்டார்கள். சிந்தித்தலுக்குப் பிறகு 'தெளிதல்' என்று தனியே ஒரு படி இருப்பது முக்கியம்: ஐயத்தைக் கேட்டு அகற்றும் இடம் அது. மூன்றாம் வாரத்தில் விட்டுப்போன அந்த 5 நிமிட மௌனத்துக்கும் இதற்கும் உறவு இருக்கிறது. யோபுவையும் ஹிக்மத்தையும் ஒரு வாரம், பஞ்ஞாவையும் சித்தாந்தத்தையும் மறுவாரம் என்று நான்காகக் குறைத்தால் போதும்.

எட்டாம் வாரம் கலந்துரையாடலும் தேநீரும்.

சேர நினைப்பவர்கள் மோனோரெயிலில் வருவது நல்லது, கே.எல். சென்ட்ரல் மோனோரெயில் நிலையம் ஜாலான் துன் சம்பந்தனிலேயே இருக்கிறது, சனிக்கிழமை மாலையில் அந்தப் பகுதியில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. மாடிக்கு மின்தூக்கி இல்லை. மூன்றாம் வாரத்துக்கு ஒலிப்பதிவு செய்யக் கைப்பேசியில் இடம் ஒழித்துக்கொண்டு, காதொலிப்பான் எடுத்து வர வேண்டும்; 10 நிமிடப் பேச்சைத் தமிழில் எழுத்தாக்க ஒரு மணி நேரம்கூட ஆகலாம், அதை வீட்டில் செய்யச் சொல்கிறார்கள். நாட்குறிப்புக்குக் கோடு போட்ட 80 பக்க நோட்டு ஒன்று, இடப்பக்கம் எழுத, வலப்பக்கம் ஒரு வாரம் கழித்துத் திருத்த. நாட்குறிப்பை ஐந்தாம் வாரத்தில் தொடங்கினால் வகுப்பு முடியும்போது மூன்று வாரம்தான் ஆகியிருக்கும். நான்கு வாரம் நிறைய வேண்டுமானால் நான்காம் வாரமே தொடங்கிவிடுங்கள்.