“செராமிக்னா உடையத்தான் செய்யும்” என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்

உயர்வெப்ப உலைக்கு அலுமினாக் குழாய் (அலுமினியம் ஆக்சைடு என்ற செராமிக்கால் ஆனது) வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நான் நான்கு குழாய் வாங்கினேன். தூய்மை 99.7 சதவீதம், 1600 டிகிரி தாங்கும், வளைவு வலிமை (வளைக்கும்போது உடையாமல் தாங்கும் அழுத்தம்) 380 மெகாபாஸ்கல் என்று சான்றிதழில் இருந்தது. முதல் குழாய் முதல் சூட்டிலேயே, 700 டிகிரி தாண்டும்போது விரிசல் விட்டது. இரண்டாவது உடையவில்லை. ஆனால் 1500 டிகிரியில் மூன்று முறை ஓட்டியதற்கே நடுவில் 9 மில்லிமீட்டர் தொய்ந்துவிட்டது.

விற்றவரிடம் சொன்னேன். “வேகமா சூடேத்தியிருப்பீங்க சார். செராமிக்னா உடையத்தான் செய்யும்” என்றார். நான் ஏற்றியது நிமிடத்துக்கு 3 டிகிரி. 5 வரை போகலாம் என்று அவர்கள் தந்த தாளிலேயே இருக்கிறது. கன்ட்ரோலர் பதிவை அனுப்பினேன். அதற்கப்புறம் அவர் போனை எடுக்கவில்லை.

நல்லவேளை, உடைந்த துண்டுகளை நான் குப்பையில் போடவில்லை. விளக்கைச் சாய்த்துப் பிடித்து லென்ஸ் வழியாகப் பார்த்தால், உடைந்த முகத்தில் மெல்லிய வரிகள் விசிறி மடிப்பு மாதிரி ஒரே இடத்தில் போய்க் குவிகின்றன. விரிசல் கிளம்பிய இடம் அதுதான். அங்கே, உட்சுவரை ஒட்டி, அரை மில்லிமீட்டர் அளவில் ஒரு குழி. மைக்ரோஸ்கோப்பில் அதன் சுவர் மழமழவென்று, துகள்கள் உருண்டையாகத் தெரிந்தன. என் கையில் அடிபட்டு வந்த குழி அப்படி இருக்காது; சூளையில் சுடும்போதே உள்ளே இருந்த வெற்றிடம் அது. வெளியிலிருந்து சூடேறும்போது இழுவிசை வருவதும் உட்சுவரில்தான். எல்லாம் பொருந்துகிறது.

உலோகத்தில் இப்படி ஒரு குழி இருந்தால் அதன் ஓரம் கொஞ்சம் நெளிந்து கொடுத்துத் தப்பிக்கும். அலுமினா நெளியாது. 350 மெகாபாஸ்கலில் அதை உடைக்கச் சில பத்து மைக்ரான் விரிசல் போதும், தலைமுடியைவிட மெல்லியது. அரை மில்லிமீட்டர் குறை இருந்தால் சான்றிதழில் சொன்ன வலிமையில் பாதிகூடத் தேறாது.

அந்த 380-ஐப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது 3×4 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சின்னப் பட்டையை வளைத்து எடுத்த எண். செராமிக்கில் பொருள் பெரிதாக ஆக, பெரிய குறை ஒன்று உள்ளே மாட்டும் வாய்ப்பும் கூடும். இதைக் கணக்கிடும் வெய்புல் சூத்திரப்படி, மாடுலஸ் (துண்டுக்குத் துண்டு வலிமை எவ்வளவு சீராக இருக்கிறது என்று காட்டும் எண்) 10 என்றால், ஆயிரம் மடங்கு கனஅளவுள்ள பொருளின் வலிமை பாதியாகிவிடும். என் குழாய் அந்தப் பட்டையைப் போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. எத்தனை பட்டைகளை உடைத்தார்கள், மாடுலஸ் என்ன என்று சான்றிதழில் ஒரு வரி கிடையாது. கேட்காமல் வாங்கியது என் தவறு, நீங்கள் கேளுங்கள்.

தொய்ந்த குழாய் வேறு கதை. ஒரு துண்டை அறுத்து, காற்றிலும் தண்ணீரிலும் எடை போட்டு அடர்த்தி பார்த்தேன்: கன சென்டிமீட்டருக்கு 3.68 கிராம். அந்தத் தூய்மைக்கு 3.9-ஐ ஒட்டி வரவேண்டும். பகுப்பாய்வில் சிலிக்கா கிட்டத்தட்ட 4 சதவீதம் வந்தது. அதாவது 99.7 என்பதே பொய். அந்தச் சிலிக்கா துகள்களுக்கு இடையே கண்ணாடிப் படலமாகத் தங்கி, 1500 டிகிரியில் இளகிவிடும். துகள்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், குழாய் தன் எடையாலேயே வளையும். சுத்த அலுமினாவும் அந்தச் சூட்டில் நாளடைவில் தொய்யும்தான், ஆனால் மூன்றே ஓட்டத்தில் 9 மில்லிமீட்டர் தொய்யாது.

உங்களுக்கு இப்படி நடந்தால் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் பஞ்சில் சுற்றி வையுங்கள். உடைந்த முகங்களைச் சேர்த்துப் பொருத்திப் பார்க்காதீர்கள். உரசினால் விரிசல் கிளம்பிய இடம் அழிந்துபோகும். குழாய் வந்த அன்றே அடர்த்தி பாருங்கள், சாய ஊடுருவல் சோதனையும் செய்யுங்கள். குழி உட்சுவரில் திறந்திருந்தால் சாயம் காட்டிக் கொடுக்கும். உள்ளே மூடியிருந்தால் காட்டாது.

என்னிடம் மீதமுள்ள இரண்டு குழாய்களிலும் அடர்த்தி 3.7-ஐத் தாண்டவில்லை. அவற்றை உலையில் ஏற்றப் போவதில்லை. படங்களையும் அளவுகளையும் சேர்த்து எழுத்துப்பூர்வமாகப் புகார் அனுப்பியிருக்கிறேன்.