பைஃபோகலா, ப்ரோக்ரெஸிவா, காண்டாக்ட் லென்ஸா: நாற்பதுக்கு மேல் எதற்குக் காசு போடலாம்?

எனக்குச் சின்ன வயதிலிருந்தே மைனஸ் பவர். இப்போது வெள்ளெழுத்தும் சேர்ந்து, சீட்டில் +1.75 ‘ஆட்’, அதாவது கிட்டத்துக்குக் கூடுதலாகச் சேர்க்கும் பவர், என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வேலையோ கூட்டுறவு வங்கிக் கவுன்டரில். எதிரே நிற்பவர் முகம் ஒரு தூரம், கணினித் திரை ஒரு தூரம், மேஜையில் கிடக்கும் பாஸ்புக்கும் செலானும் இன்னொரு தூரம். மூன்றும் தெரிய வேண்டும், செலவும் கையைக் கடிக்கக் கூடாது. பைஃபோகல், மூன்று தூரமும் கோடில்லாமல் ஒரே லென்ஸில் வரும் ப்ரோக்ரெஸிவ், மல்டிஃபோகல் காண்டாக்ட் லென்ஸ் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு ப்ரோக்ரெஸிவ் போட்டுக்கொண்டேன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

தூரப் பவர் எதுவும் இல்லாமல் கிட்டத்துக்கு மட்டும் தடுமாறுகிறவர்கள் இவ்வளவு யோசிக்கவே வேண்டாம். ஒரு சாதாரண ரீடிங் கிளாஸ் போதும்.

பைஃபோகல்தான் இருப்பதிலேயே மலிவு. கீழே டி வடிவத்திலோ வட்டமாகவோ ஒரு துண்டு இருக்கும். அதன் வழியாகப் பார்த்தால் கிட்டம், மற்ற இடமெல்லாம் தூரம். படிப்பதற்கான இடம் அகலமாகக் கிடைப்பதால், மணிக்கணக்கில் பேப்பரும் கணக்கும் பார்க்கிறவர்களுக்கு ப்ரோக்ரெஸிவை விட இதுவே சுகம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சிக்கல் நடுத்தூரத்தில். ஆட் +1.00, +1.25 அளவில் இருக்கும்வரை பெரிதாகத் தெரியாது. அதற்கு மேல் போனால் கணினித் திரை இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். நாள் முழுக்க முகவாயைத் தூக்கிக்கொண்டு துண்டின் வழியாகத் திரையைப் பார்த்தால் சாயங்காலம் கழுத்து சொல்லிவிடும். படியிறங்கும்போது அந்தக் கோட்டில் காட்சி சட்டென்று எகிறுவதும் உண்டு. ஆனால் என் அம்மாவிடம் ப்ரோக்ரெஸிவ் பற்றிப் பேசிப் பார்த்தேன். “கோடு இருந்தா இருந்துட்டுப் போகுதுடா. சீரியலும் தெரியுது, அரிசியில கிடக்கிற கல்லும் தெரியுது. எனக்கு வேறென்ன வேணும்?” என்றார். அவருக்கு அதுதான் சரி. கணினி இல்லாத வீட்டில் நடுத்தூரத்துக்கு எதற்குப் பணம்?

காண்டாக்ட் லென்ஸை நான் ட்ரையலுக்குப் போட்டுப் பார்த்ததோடு சரி, வருடக்கணக்கில் போட்ட அனுபவம் இல்லை. ஹெல்மெட்டுக்குள் மூச்சுப் பட்டு மங்காது, மழையில் துடைக்க வேண்டாம். அந்த விஷயத்தில் கண்ணாடி கிட்டேயே வர முடியாது. மல்டிஃபோகல் லென்ஸில் தூரப் பவரும் கிட்டத்துப் பவரும் வட்ட வட்டமாக அமைந்திருக்கும். இரண்டு காட்சியும் ஒரே நேரத்தில் கண்ணுக்குள் போக, வேண்டியதை மூளை எடுத்துக்கொள்ளும். பகல் வெளிச்சத்தில் நன்றாகத்தான் இருந்தது. இருட்டியபின் வண்டியில் வரும்போது எதிர் ஹெட்லைட்டைச் சுற்றி வளையம் தெரிந்தது. மங்கிய வெளிச்சத்தில் மாத்திரை அட்டையைப் படிக்க முடியவில்லை. ஏசிக்குக் கீழே திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கண் சிமிட்டுவது குறைகிறது, லென்ஸ் உலர்ந்து உறுத்துகிறது. சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு ஒரே சீராக இல்லாததைச் சரிசெய்யும் பவர்) கொஞ்சம் அதிகமாக இருந்தால் மல்டிஃபோகலில் கிடைப்பதும் அரிது.

செலவைப் பார்த்தால், மாதாந்திர லென்ஸும் அதை ஊறவைத்துச் சுத்தம் செய்யும் சொல்யூஷனும் சேர்ந்து மாதாமாதம் ஆயிரத்தைத் தாண்டும். சொல்யூஷனைத் தினமும் புதிதாக ஊற்ற வேண்டும், லென்ஸ் டப்பாவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், குழாய்த் தண்ணீர் படவே கூடாது. அகாந்தமீபா என்ற கிருமி அப்படித்தான் கருவிழிக்குள் புகுகிறது. வந்தால் பார்வைக்கே ஆபத்து. இவ்வளவுக்கும் அப்புறம், லென்ஸைக் கழற்றி வைத்த நேரத்துக்கு ஒரு கண்ணாடி எப்படியும் வேண்டும். கல்யாணம், பயணம் என்று எப்போதாவது போட, ஒரு நாள் போட்டுத் தூக்கிப்போடும் ‘டெய்லி’ வகையில் சில ஜோடி வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

சரி, ப்ரோக்ரெஸிவ். 1959-ல் பிரான்சில் பெர்னார்ட் மெத்தனாஸ் என்ற பொறியாளர் வேரிலக்ஸ் லென்ஸைக் கொண்டுவந்ததிலிருந்து இது சந்தையில் இருக்கிறது. மேலே தூரம், நடுவில் ஒரு குறுகலான பாதை, கீழே கிட்டம், கோடு கிடையாது. பாதைக்கு இரு பக்கமும் கொஞ்சம் மங்கலாகவும் நெளிவாகவும் இருக்கும். எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் அது அறவே போகாது. விலை ஏற ஏறப் பாதை அகலமாகும், நெளிவு குறையும், அவ்வளவுதான். கண்ணை ஓட்டுவதற்குப் பதில் தலையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மலிவான ப்ரோக்ரெஸிவ் வாங்கி, “தலை சுத்துது, ஒத்துக்கல” என்று கழற்றி வைத்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். லென்ஸ் மட்டமானது என்பார்கள். என் கணிப்பில் பெரும்பாலும் குற்றவாளி அளவெடுப்புதான்.

அந்தப் பாதை சில மில்லிமீட்டர்தான் அகலம். இரண்டு கருமணிக்கும் நடுவிலான தூரம் மொத்தம் 62 மி.மீ. என்று எடுத்துப் பாதியாக வகுத்து 31, 31 என்று போட்டுவிடுகிறார்கள். நிஜத்தில் ஒரு பக்கம் 30, மறுபக்கம் 32 இருக்கலாம். அப்போது கண்கள் பாதையின் நடுவை விட்டு ஓரம் போய்விடும், நெளிவு வழியாகத்தான் பார்வை. ஆகவே ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாக அளக்க வேண்டும். அதைவிட முக்கியம் உயரம். நான் வாங்கிய கடைக்காரர் முதலில் ஃப்ரேமை என் மூக்கில் சரியாக உட்காரவைத்து காதுக் கம்பியை வளைத்தார். பிறகு என் கண்மட்டத்துக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “சார், என் மூக்கைப் பாருங்க, தலையை ஆட்டாதீங்க” என்று சொல்லி, ஃப்ரேமில் இருந்த டம்மி லென்ஸில் கருமணிக்கு நேராக மார்க்கரால் புள்ளி வைத்தார். அங்கிருந்து லென்ஸின் அடிவிளிம்பு வரை அளந்து எழுதிக்கொண்டார். இந்த வேலை நடக்காத கடையில் ப்ரோக்ரெஸிவ் வாங்காதீர்கள், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் சரி. ஆன்லைனில் போட்டோ வைத்து எடுக்கும் அளவை நம்பி வாங்க எனக்குத் தைரியமில்லை.

ஃப்ரேமும் இதில் அடங்கும். காதுக் கம்பியில் 52-18-140 என்று அச்சிட்டிருப்பது லென்ஸ் அகலம், மூக்குப் பாலம், கம்பி நீளம். லென்ஸின் உயரம் அதில் இருக்காது. ஸ்கேல் வைத்துப் பாருங்கள், 30 மி.மீ. பக்கமாவது வேண்டும். ஒடுக்கமான ஃப்ரேமில் கிட்டத்துப் பகுதி வெட்டுப்பட்டுப் போய்விடும். மூக்குப் பட்டை வைத்த மெட்டல் ஃப்ரேம் இன்னும் நல்லது. கண்ணாடி கொஞ்சம் சரிந்தாலே படிக்கும் இடம் கைவிட்டுப் போகும். பட்டை இருந்தால் நெருக்கி மேலே ஏற்றிக்கொள்ளலாம்.

என் சக ஊழியர் ஒருவர் ஆஃபரில் வாங்கிய ப்ரோக்ரெஸிவை டிராயரில் போட்டுவைத்திருந்தார். லென்ஸில் வாயால் ஊதினால், 34 மி.மீ. இடைவெளியில் பொடியாகச் செதுக்கிய இரண்டு குறிகள் தெரியும். காதுப்பக்கக் குறிக்குக் கீழே ஆட் பவரும் இருக்கும். அதை வைத்து வேறொரு கடையில் பார்த்தபோது பவர் எல்லாம் சரி, உயரம்தான் 4 மி.மீ. இறங்கியிருந்தது. அதே தரத்து லென்ஸை உயரம் திருத்திப் போட்டார்கள். இப்போது அவர் அதைக் கழற்றுவதில்லை.

இதையெல்லாம் கவனித்தால் லென்ஸில் நடுத்தர விலையே போதும். ஆன்டி-க்ளேர் கோட்டிங்குக்குக் காசு கொடுங்கள். திரையின் நீல ஒளியைத் தடுக்கும் ‘ப்ளூ கட்’ என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள். திரை பார்ப்பதற்கென்று அது தேவையில்லை என்றே அமெரிக்கக் கண் மருத்துவர் சங்கம் சொல்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் பவர் கண்ணாடிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், பில்லில் சரிபாருங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “ஒத்துக்காட்டி மாத்தித் தருவீங்களா, எத்தனை நாளுக்குள்ள?” பதிலை அந்த பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.