வெப்பப் பகுதியில் டேலிலி: பாத்தியில் ஐந்தாண்டு நின்ற பிறகு தெரிவது

டேலிலி என்னும் ஹெமரோகாலிஸ் பூச்செடியை எல்லோரும் பூவின் படத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். முதல் ஆண்டு அந்தத் தேர்வு சரியென்றே தோன்றும். பருத்த வேர்களில் முன்பே சேர்த்து வைத்த சத்தைக் கொண்டு ஏறக்குறைய எந்த வகையும் ஒருமுறை பூத்துவிடும். எது நிலைக்கும், எது தேயும் என்பது மூன்றாம் ஆண்டில்தான் வெளிப்படும். வெப்பப் பகுதியில் அதைத் தீர்மானிப்பது குளிர்காலத்தில் செடியின் இலை என்ன செய்கிறது என்பது. நிறம், இதழ் மடிப்பு, பூவின் நடுவே வேறு நிறத்தில் தெரியும் கண்வளையம் எல்லாவற்றையும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இலைப் பழக்கத்தை வைத்து மூன்று பிரிவு சொல்வார்கள். உறங்கும் வகையின் இலை குளிர்காலத்தில் முழுக்கக் காய்ந்து, செடி மண்மட்டத்தில் கூர்மையான குருத்தாக ஒடுங்கிவிடும். பசுமை மாறா வகை ஆண்டு முழுவதும் இலை விட்டுக்கொண்டே இருக்கும். இவற்றுக்கு நடுவே இருப்பது அரைப்பசுமை வகை. உறங்கும் வகைகளில் பலவற்றுக்கு வாரக்கணக்கில் நல்ல குளிர் வேண்டும். அது கிடைக்காவிட்டால் ஓய்வும் இல்லை, முழு வளர்ச்சியும் இல்லை. ஆறு இலைக்கட்டு (ஒரே அடியிலிருந்து விசிறிபோல் விரியும் இலைத்தொகுதி) இருந்த தூர் நான்காகும், பிறகு இரண்டாகும், பூந்தண்டும் வராமல் போகும். உரம் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது. சில உறங்கும் வகைகள் வெப்பத்துக்குப் பழகிக்கொள்வதும் உண்டு. ஆனால் எது பழகும் என்று செடியோடு வரும் விவரச் சீட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. இலைப் பழக்கத்தைப் பதிவு செய்பவர் அந்தச் செடியை உருவாக்கியவர். அவருடைய தோட்டத்தின் தட்பவெப்பத்தில் கண்டதையே எழுதியிருப்பார். ஆகவே உங்களுடையதைப் போன்ற வெப்பத்தில் பல ஆண்டு நின்ற தூரிலிருந்து பிரித்த செடி கிடைத்தால், அதற்கே முதலிடம் கொடுங்கள்.

1975-இல் அறிமுகமான 'ஸ்டெல்லா டி ஓரோ' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. குட்டையான செடி, மஞ்சள் பூ, குளிர்ந்த இடங்களில் கோடை முழுவதும் மறுபடி மறுபடி பூக்கும். உலகில் அதிகம் விற்ற டேலிலிகளில் அதுவும் ஒன்று. ஆனால் அது உறங்கும் வகை. நீண்ட கோடையும் பெயரளவுக்கு மட்டும் குளிரும் உள்ள இடத்தில் தொடக்கத்தில் ஓர் அலை பூக்கும், வெயில் ஏறியதும் நின்றுவிடும். 1924-இன் 'ஹைபீரியன்', எலுமிச்சை மஞ்சளும் மணமுமாக மனதைப் பறிக்கும் பழைய வகை, அதுவும் உறங்குவதுதான். 1977-இல் வந்த 'ஜோன் சீனியர்' பசுமை மாறாதது. வெண்மைக்கு நெருங்கிய பெரிய பூ, வெப்பத்தில் நன்றாகத் தூர் கட்டும். ஒரு குறை, இலையில் ஆரஞ்சுப் பொடி படியும் துருநோய் அதை எளிதில் பிடிக்கும். 'ஸ்ட்ராபெரி கேண்டி', 'பார்பரா மிட்செல்', 'பெலா லுகோசி' ஆகியவை அரைப்பசுமை என்று பதிவானவை. தொடங்குகிறவர் பசுமை மாறா, அரைப்பசுமை என்ற இந்த இரண்டு பிரிவுகளுக்குள்ளேயே தேடுவது நல்லது.

பழைய ஆரஞ்சு நிற டேலிலியான ஹெமரோகாலிஸ் ஃபுல்வா எங்கும் பிழைக்கும். அதன் பரவலான வகை மும்மடி குரோமோசோம் கொண்டது, விதை கட்டாது. மண்ணுக்கடியில் கிடைத்தண்டு ஓட்டியே பரவும். சரிவில் மண்ணைப் பிடித்து நிறுத்த இதைவிட நல்ல செடி குறைவு. கலப்புப் பாத்தியில் மட்டும் வைக்காதீர்கள், பக்கத்துச் செடிகளின் வேருக்குள் புகுந்துவிடும்.

நிறத்தைப் பொறுத்தவரை வெப்பத்தில் விதி எளிது. மஞ்சள், பொன், பீச், வெளிர்நிறங்கள் நாள் முழுதும் வெயில் தாங்கும். அடர் சிவப்பும் ஊதாவும் நண்பகலுக்குள் இதழ் நீர்த்து, கறை படிந்து, ஓரம் கருகும். அவற்றுக்குக் காலை வெயில் ஆறு மணி நேரம் கிடைத்து, பிற்பகலில் நிழல் விழும் இடம் வேண்டும். நாள் முழுதும் நிழல் என்றால் இலை மட்டும் நீளும், பூ வராது. ஒவ்வொரு பூவுக்கும் ஒரே நாள்தான் ஆயுள் என்பதால், வாங்கும்போது பூவின் அளவைவிடத் தண்டின் கிளைகளையும் மொட்டுகளையும் எண்ணுங்கள். ஒரு தண்டில் பத்து மொட்டுக்கும் இருபத்தைந்து மொட்டுக்கும் உள்ள வித்தியாசம் பூக்காலத்தில் இரண்டு மூன்று வாரம்.

நடவு

வெயிலின் உச்சம் தணிந்த பிறகு நடுவதுதான் பாதுகாப்பு. 33, 35 டிகிரிக்கு மேல் வெப்பம் நிற்கும் வாரங்களில் நட்ட செடி, நீர் ஊற்ற ஊற்ற அழுகும். சூடான ஈரமண்ணும் வெட்டுப்பட்ட வேரும் சேர்ந்தால் அழுகல் கிருமிக்கு வேறொன்றும் தேவையில்லை. இரண்டு இலைக்கட்டாவது உள்ள செடியாக வாங்குங்கள். வேரை அழுத்திப் பாருங்கள், கெட்டியாக இருக்க வேண்டும். குழகுழப்போ துர்நாற்றமோ இருந்தால் அந்தப் பகுதியை நல்ல வேர் வரும்வரை வெட்டி, ஒரு நாள் நிழலில் உலரவிட்டு நடுங்கள். புதுச் செடியை நேரே பாத்திக்குக் கொண்டுபோகாமல் இலையை 10-15 செ.மீ. விட்டு வெட்டி, தனியே தொட்டியில் நாலைந்து வாரம் வைத்துப் பார்ப்பது மிக முக்கியம். துருநோயும் இலைப்பேனும் பெரும்பாலும் புதுச் செடியோடுதான் தோட்டத்துக்குள் வருகின்றன.

குழி 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழம். பாத்தி முழுவதும் 5 முதல் 8 செ.மீ. கனத்துக்கு மட்கிய உரம் பரப்பி, மேல்மண்ணோடு ஓரடி ஆழம் கொத்திக் கலந்தபின் குழி எடுக்கவும். குழிக்குள் மட்டும் உரத்தைக் கொட்டினால் களிமண்ணில் அது நீர் தேங்கும் கிண்ணமாகிவிடும். குழியின் நடுவே மண்ணைச் சிறு மேடாகக் குவித்து, அதன்மேல் செடியை உட்கார வைத்து, வேர்களை நாலாபுறமும் சரித்துவிடுங்கள். வேரும் இலையும் சேரும் கழுத்து மண்மட்டத்துக்குக் கீழே 2.5 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. இலையின் அடியில் தெரியும் வெளுத்த பட்டை முன்பு எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்பதைக் காட்டும். ஆழமாக நட்டதுதான் "இலை நன்றாக இருக்கிறது, பூக்கவில்லை" என்ற புகாருக்கு அடிக்கடி காரணம். மண் இறுகியதும் கழுத்து இன்னும் கீழே போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கனத்த மண்ணில் பாத்தியை 15-20 செ.மீ. உயர்த்தினால் மழைக்காலத்தில் நிம்மதி. மண்ணின் கார அமிலத்தன்மை (pH) 6-க்கும் 7-க்கும் இடையில் இருந்தால் போதும். செடிக்குச் செடி 45 முதல் 60 செ.மீ. இடைவெளி முதல் ஆண்டில் வெறுமையாகத் தெரியும், நான்காம் ஆண்டில் அதுவே நெருக்கமாகும்.

பக்கத்தில் எதை வைப்பது

டேலிலியின் பெரிய அலை கோடையின் முற்பகுதியில் முடிந்துவிடும். அதன்பின் ஒன்றிரண்டு மாதம் இலை நுனி பழுத்து, தூர் களைத்துப்போய் நிற்கும். மறுபூப்பு வகைகளும் கடும் வெயிலில் ஓய்ந்து, காற்று குளிர்ந்த பிறகே திரும்ப வரும். துணைச் செடியின் வேலை அந்த இடைவெளியை மறைப்பதும் நிரப்புவதும்தான். ஒரே நேரத்தில் பூக்கும் அழகான ஜோடிகளைத் தேடுவதைவிட, முன்னும் பின்னும் பூப்பவற்றைத் தேடுவது அதிகப் பயன் தரும்.

என் கணிப்பில் மிகச் சிறந்த துணை சால்வியா லியூகாந்தா. பகல் பொழுது குறையத் தொடங்கியதும் ஊதாக் கதிர்கள் விடும் செடி அது, டேலிலி ஓய்ந்திருக்கும் நேரத்துக்குச் சரியாகப் பொருந்தும். மீட்டருக்கு மேல் படரும் என்பதால் பின்வரிசையில், டேலிலியிலிருந்து குறைந்தது 90 செ.மீ. தள்ளி வைக்கவும். பருவத் தொடக்கத்தில் ஒருமுறை கீழே வெட்டிவிட்டால் டேலிலிக்கு வெயில் மறையாது. 45-60 செ.மீ. உயரத்தோடு நிற்கும் நீலச் சால்வியா ஃபாரினேசியா நடுவரிசைக்கு ஏற்றது. மஞ்சள் டேலிலிக்கு அந்த நீலம் நன்றாக எடுபடும்.

அகபாந்தஸைச் சேர்த்து நடுவது வழக்கம். இரண்டும் தனித்தனியே நல்ல செடிகள்தான். ஆனால் இரண்டுக்கும் பட்டையான நீள் இலை, பூக்கும் காலமும் ஏறக்குறைய ஒன்றே. பூ முடிந்ததும் பாத்தி முழுவதும் ஒரே வடிவ இலையாகிவிடும். டயட்டஸ், லிரியோப் இவற்றுக்கும் இதே சிக்கல். பக்கத்தில் மெல்லிய, காற்றில் ஆடும் உருவம் வேண்டும். கௌரா அதற்குப் பொருத்தம். ஊதா நிற நீரூற்றுப் புல்லும் நல்லது, பாத்திக்கு ஒன்றிரண்டு போதும். முன்விளிம்புக்கு மழை லில்லியும் டுல்பாகியாவும் பரிந்துரைக்கத் தக்கவை. மழை லில்லியின் குமிழ்கள் சிறியவை, டேலிலி வேரோடு போட்டியிடா, நல்ல மழைக்குப் பின் டேலிலி பூவில்லாமல் நிற்கும்போது விரியும். கிரினம் அழகுதான், ஆனால் குமிழ் பெரிதாகி ஒரு மீட்டர் இடத்தைப் பிடிக்கும். அதற்குத் தனி மூலை கொடுங்கள்.

நீர்த்தேவை ஒத்துப்போகாத துணைதான் அதிகம் சாகிறது. கைலார்டியா வெயிலுக்கு அஞ்சாது, ஆனால் டேலிலிக்கு ஊற்றும் அளவு நீரில் வேர் அழுகும். வறண்ட விளிம்பில் வைத்தால் இரண்டு மூன்று ஆண்டு வரும், பிறகு புதிதாக நட வேண்டும். எகினேசியாவும் ஈரமான வெப்பத்தில் ஏறக்குறைய அப்படித்தான். லாவெண்டரை இந்தப் பாத்தியில் முயலவே வேண்டாம். பென்டாஸ் மட்டும் இரண்டு பக்கமும் அனுசரிக்கும், இடைவெளி நிரப்ப நம்பலாம்.

தவிர்க்க வேண்டியவை இரண்டைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மஞ்சள் பூ விடும் வெடேலியா தரைமூடி, டேலிலியின் கழுத்தைச் சுற்றி ஓடி ஈரத்தைப் பிடித்து வைக்கும். மெக்சிகன் பெட்டூனியா எனப்படும் ரூயெல்லியாவின் கிடைத்தண்டு டேலிலித் தூருக்குள் நுழைந்துவிட்டால், முழுத் தூரையும் தோண்டி வேரைக் கழுவிப் பிரிப்பதைத் தவிர வழியில்லை. மேலோட்டமாக வேர் ஓடும் மரங்களின் அடியும் கூடாது.

நீர், உரம், ஆண்டுதோறும் வரும் தொல்லைகள்

வாரத்துக்கு 25 மி.மீ., அதாவது சதுர மீட்டருக்கு 25 லிட்டர். மணற்பாங்கான மண்ணில் அதை இரண்டாகப் பிரித்து ஊற்றவும். தினமும் தெளிப்பதைவிட ஆழமாக நனைப்பதே வேருக்குப் பிடிக்கும். தண்டு எழுந்த பிறகு மண் காய்ந்தால் மொட்டு பழுத்து உதிரும், பிறகு எவ்வளவு ஊற்றினாலும் திரும்பாது. தழை, மணி, சாம்பல் சத்துகள் சமமாக உள்ள 10-10-10 போன்ற உரம் சதுர மீட்டருக்கு 50 கிராம், புதுத் தளிர் கிளம்பும்போது ஒருமுறை, பூ முடிந்து வெயில் தணிந்ததும் ஒருமுறை. தழைச்சத்து மிகுந்தால் இலை மென்மையாகிப் பூச்சியையும் நோயையும் அழைக்கும். மூடாக்கு 5 செ.மீ. போதும், கழுத்தை ஒட்டிப் போடாதீர்கள்.

துருநோய் வெப்பப் பகுதியில் தீராத விஷயம். குளிரில் இலை மடியும் இடங்களில் அந்தப் பூஞ்சையும் இலையோடு போய்விடுகிறது. இங்கே ஆண்டு முழுதும் பச்சை இலை இருப்பதால் அதுவும் ஆண்டு முழுதும் இருக்கிறது. வெப்பத்தைத் தாங்கும் வகைகளைத் தேர்ந்தெடுப்பதற்கு நாம் கொடுக்கும் விலை இது. இலையின் அடிப்புறத்தை வெள்ளைத் தாளால் துடையுங்கள், ஆரஞ்சுப் பொடி ஒட்டினால் துரு. இலை முழுவதையும் மண்ணிலிருந்து ஒரு கை உயரம் விட்டு வெட்டி, பையில் கட்டி அகற்றுங்கள், மட்கு குவியலில் போட வேண்டாம். நீரை இலைமேல் தெளிக்காமல் அடியில் விடுங்கள். துரு செடியைக் கொல்லாது, பூவைக் குறைத்து அலங்கோலமாக்கும். ஆண்டுதோறும் மோசமாகப் பிடிக்கும் வகையை எவ்வளவு பிடித்திருந்தாலும் எடுத்துவிடுவதே மற்றவற்றுக்கு நல்லது.

கொல்வது கழுத்தழுகல். வெளி இலைகள் மஞ்சளாகி, இழுத்தால் கையோடு வரும், நாற்றம் இருக்கும். உடனே தோண்டி, அழுகியதை வெட்டி, ஒரே ஓர் இலைக்கட்டு நன்றாக இருந்தாலும் உலர்த்தித் தொட்டியில் மணல் கலந்த மண்ணில் காப்பாற்றலாம். அடியில் வெள்ளை இழைகளும் கடுகு போன்ற பழுப்பு உருண்டைகளும் தெரிந்தால் அது ஸ்கிளிரோஷியம் பூஞ்சை. செடியோடு சுற்றியுள்ள மண்ணையும் 15 செ.மீ. ஆழம் அள்ளி அகற்ற வேண்டும், அதே இடத்தில் மறுபடி டேலிலி நடக் கூடாது.

மொட்டு கோணலாகி, இதழில் வெளுத்த கீற்று விழுந்தால் இலைப்பேன். வறண்ட வெயிலில் இலை சாம்பல் பூத்தால் சிவப்புச் சிலந்திப்பேன், இலையின் அடிப்புறத்தில் காலையில் வேகமாக நீர் பீய்ச்சுவதே பெரும்பாலும் போதும். துரு உள்ள தோட்டத்தில் மட்டும் அந்த வழி வேண்டாம்.

வாடிய பூவை அன்றன்று கிள்ளுங்கள், காய் பிடித்தால் மறுபூப்பு குறையும். வெப்பப் பகுதியில் பூந்தண்டிலேயே குட்டிச் செடிகள் முளைப்பது சாதாரணம். அவை தாய்ச்செடியின் அச்சு. தண்டோடு 5 செ.மீ. சேர்த்து வெட்டி ஈரமணலில் வைத்தால் வேர் பிடிக்கும்.

நான்காம் அல்லது ஐந்தாம் ஆண்டில் தூரின் நடு வெறுமையாகி, தண்டுகள் குட்டையாகும். வெயில் தணிந்ததும் முழுத் தூரையும் எடுத்து, மண்ணைக் கழுவி, இரண்டு மூன்று இலைக்கட்டு சேர்ந்தாற்போல் பிரித்து நடவும். நடுவிலுள்ள மரத்துப்போன பகுதியைக் கழித்துவிடவும். பிரித்த ஆண்டில் பூ குறையும், அடுத்த ஆண்டு தேறிவிடும். அதனால் எல்லாத் தூரையும் ஒரே ஆண்டில் தொடாமல், ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காக மாற்றி மாற்றிப் பிரித்தால் பாத்தி எப்போதும் பூத்திருக்கும்.

வீட்டில் பூனை இருந்தால் டேலிலி வேண்டாம். இலை, பூ, மகரந்தம் எதைச் சிறிதளவு தின்றாலும் பூனையின் சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். தின்றது தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திராமல் அந்த மணி நேரத்திலேயே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.